மேல்காற்று நின்றபோது

ஐயர் மந்திரத்தை முடித்து, அஸ்திக் கலயத்தை உதயகுமார் கையில் கொடுத்தாயிற்று. கரைக்க வேண்டிய கடலைத்தான் காணோம்! தொண்டிப் பக்கத்துக் கரையில் படகுகளெல்லாம் சேற்றில் சாய்ந்து கிடந்தன. ஆடி மாதத்து மேல்காற்று மேற்கிலிருந்து அடித்து, தண்ணீரைத் தள்ளு தள்ளென்று தள்ளி, வெகு தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாக நிறுத்தி வைத்திருந்தது.

“கொஞ்சம் பொறுத்துப் போவோம்ணே” என்றாள் தங்கை ரேணுகா.

கேட்கிற ஆளா அவன்? ராகு காலத்துக்கு முன்னால் கரைத்தாக வேண்டுமாம். அப்பா படுக்கையில் கிடந்த காலமெல்லாம் சிங்கப்பூரை விட்டு அசையாதவன்; கொள்ளி வைக்கக்கூட வந்து சேரவில்லை, பெரியப்பா மகன்தான் வைத்தார். இந்த ஒரு காரியமாவது தன் கையால் நடக்கட்டும் என்று பிடிவாதம். ரேணுகாவுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. சொந்த ஊர் ஒக்கூரிலிருந்து வருகிற வழியெல்லாம் காரில் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வந்தாள்.

“வத்துன கண்மாயில நடக்காத காலா? நீ இங்குட்டே நில்லு.” வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டான்.

கண்மாய்க்கரைக்காரனுக்குத் தண்ணீர் இல்லாத தரை என்றால் வற்றிய தரைதான். கோடையில் ஊரே ஊத்தாக் கூடையும் வலையுமாகக் கண்மாய்க்குள் இறங்கி மீன் பிடிக்கும். போன தண்ணீர் இனி ஐப்பசி மழைக்குத்தான் வரும் என்கிற தைரியம். அந்தத் தைரியத்தோடுதான் கடலுக்குள்ளும் நடந்துகொண்டிருந்தான்.

அவன் பாதி தூரம் போயிருப்பான். படபடத்துக்கொண்டிருந்த ரேணுகாவின் முந்தானை சட்டென்று தொங்கியது. முகத்தில் மணல் அடிப்பது நின்றதே என்று ஒரு நொடி நிம்மதிகூட வந்தது. அப்புறம்தான் உறைத்தது. காற்றடிக்கிற நாளில் அவர்கள் ஊர்க் கண்மாயில் பாசியெல்லாம் ஒரு கரையில் போய் ஒதுங்கும். காற்று விட்டால் தண்ணீரோடு சேர்ந்து திரும்பி வரும். இந்தக் கடலும் வற்றவில்லை. காற்று பிடித்து வைத்திருந்தது, இப்போது விட்டுவிட்டது.

“அண்ணே! திரும்பி வாண்ணே!”

இதோ ஆச்சு என்பதுபோல் கையைக் காட்டினான். அலை எழும்பி வந்திருந்தால் பார்த்திருப்பான். தண்ணீரோ சத்தமே இல்லாமல், படகு போகிற பள்ளத்தில் ஏறி, அவனுக்கும் கரைக்கும் நடுவே நிறைந்துகொண்டிருந்தது. அவன் திரும்பி ஓடிவந்து பள்ளத்தில் இறங்கியபோது இடுப்பளவு. சேறு காலைக் கவ்விக்கொண்டது.

ரேணுகா சேலையோடு உள்ளே பாய்ந்தாள். அவன் கலயத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான்.

“மொதல்ல அப்பாவைப் பிடி தாயி!”

“அதை விட்டுட்டுக் கையைக் குடுண்ணே!”

“இதையாச்சும் ஒழுங்காச் செய்யிறேனே!”

தண்ணீர் நெஞ்சுக்கு வந்துவிட்டது. அவனைக் கேட்க வேண்டும் என்று மாதக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த கேள்வி ஒன்றுகூட அவளுக்கு நினைவில்லை. பயம்தான் இருந்தது. எட்டிக் கலயத்தை ஓங்கித் தட்டிவிட்டாள். அது கவிழ்ந்து, சாம்பல் இருவரையும் சுற்றித் தண்ணீரில் பரவியது. அவன் திகைத்து நின்றான். அந்தத் திகைப்பிலேயே அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள். காலைச் சேறு விட்டது.

கரையேறியதும் அவன் குழந்தை மாதிரி அழுதான். “தட்டிவிட்டுட்டியே. எங் கையால கரைக்கவிடாமப் பண்ணிட்டியே தாயி.”

ரேணுகாவுக்கு மூச்சு வாங்கியது. பிடித்த மணிக்கட்டை அவள் இன்னும் விடவில்லை.

“அப்பா போயிட்டாருண்ணே. எனக்குன்னு இருக்கறது நீதான்.”