கலக்கக் கூடாத சேறு

வளைகுடாவின் அடிச் சேற்றைச் சோதிக்கும் வேலை தங்கைக்குக் கிடைத்தபோது, தலைகால் புரியாமல் துள்ளியவன் அண்ணன்தான். அவன் அந்தக் கடலில் சிப்பி எடுத்துப் பிழைப்பவன். கரையில் நின்ற ரசாயன ஆலை பல வருடங்களாகப் பாதரசக் கழிவைக் குழாய் வழியே கடலுக்குள் விட்டிருந்தது. இப்போது குழாயை அடைத்துவிட்டார்கள். ஆனால் விட்டதெல்லாம் எங்கே போகும்? அடியில்தான் கிடந்தது.

"பாத்துக்கிட்டே இருங்க, ஆலைக்காரன் கையாலயே அத்தனையும் அள்ள வெப்பா என் தங்கச்சி" என்று எதிர்ப்பட்டவரிடமெல்லாம் சொன்னான். அவளை ஏற்றிப்போனதும் அவன் படகுதான். நீளக் குழாயைச் சேற்றில் இறக்கி, அடுக்குக் கலையாமல் மேலே இழுத்தாள். மேல்பக்கம் பழுப்பு, கீழே கன்னங்கரேலென்று நாற்றம். அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"பெத்த பிள்ளையக்கூட எவளும் இவ்வளவு பத்திரமாத் தூக்க மாட்டாடி."

ஆய்வகத்தில் அடுக்கடுக்காகப் பிரித்து, தனித்தனித் தொட்டிகளில் போட்டுக் கடற்புழுக்களை விட்டாள். பழுப்புச் சேற்றில் அவை சுகமாகத் துளைத்துக்கொண்டு போயின. கறுப்பில் விட்டவை மேலே வந்து, சுருண்டு செத்தன. ஆறு கொண்டுவரும் புதுச் சேறு பழைய விஷத்தை மெல்ல மூடிக்கொண்டு வந்தது. தோண்டினால் அத்தனையும் கலங்கி வளைகுடா முழுக்கப் பரவும். ஆகவே தோண்டக் கூடாது என்று அறிக்கையில் எழுதினாள். ஆலை தன் செலவில் சுத்தமான மணலைப் போட்டு மூட வேண்டும். சிப்பியின் சதையிலும் பாதரசம் ஏறியிருந்ததால், அதை யாரும் எடுக்கக் கூடாது. கடைசி முடிவு தப்பாக இருந்துவிடாதா என்று சிப்பியை மட்டும் திரும்பத் திரும்பச் சோதித்தாள். தப்பில்லை.

அறிக்கையை வாசிக்க ஊரைக் கூட்டியிருந்தார்கள்; அந்தக் கூட்டத்துக்கு முந்தின சாயங்காலம் அண்ணனிடம் சொல்லிவிடத்தான் போனாள். அண்ணி வாய் நிறையச் சிரிப்போடு தட்டை வைத்தாள். சாப்பிட்டுவிட்டு, சொல்லாமலே திரும்பினாள்.

மறுநாள் கூட்டத்தில் அரசு அதிகாரி அதை வாசித்து முடித்ததும், ஆலை மேலாளர் எழுந்து கும்பிட்டார். "மேடம் சொன்னதை அப்படியே ஏத்துக்கறோம். சேத்துல யாரும் கை வைக்க வேணாம்."

சிப்பி எடுக்க அன்றே தடை போட்டார்கள். மணல் போடுவதைப் பிறகு பரிசீலிக்கலாம் என்றார் அதிகாரி.

அவள் எழுந்தாள். "மூணையும் சேர்த்துத்தான் சொன்னேன் சார்."

"ஆபத்து தானாவே குறைஞ்சுட்டு வருதுன்னு நீங்கதானே மேடம் சொல்லியிருக்கீங்க?" என்றார் அதிகாரி.

சொல்லித்தான் இருந்தாள். அது உண்மையும்கூட.

வாசலில் அண்ணன் வழிமறித்தான். "விஷம் வெச்சவன வீட்டுக்கு அனுப்பிட்டு, தின்னவனுக்குத் தண்டனை குடுத்துட்டியேடி!"

"தோண்டினா கலங்கிரும்ணா. உன் பிள்ளைங்க குளிக்கிற தண்ணிக்கே வந்துரும்."

"சத்தியமாவா?"

"சத்தியமா."

"அதான் தாங்க முடியல. பொய்யா இருந்திருந்தா உன்னை நாலு வார்த்தை திட்டிட்டுப் போயிருப்பேன்."

தடையைக் காவல்காக்க ஆலையே ஒரு படகை விட்டது. கடலறிந்த ஆள் வேண்டும் என்றார்கள். கொஞ்ச நாள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த அண்ணன் போய்ச் சேர்ந்துகொண்டான். "தப்பா நினைச்சுக்காத. அடுப்பு எரியணும்ல" என்று அண்ணிதான் போனில் சொன்னாள். அவன் கூடச் சிப்பி எடுத்தவர்களையே விரட்டும் வேலை. அவர்கள் அவனையும் திட்டினார்கள், அவளையும் சேர்த்துத் திட்டினார்கள்.

அடுத்த வருடம் மறுபரிசோதனைக்கு அவள் வந்தபோது, மணல் ஒரு பிடிகூட விழுந்திருக்கவில்லை. ஏற்றிக்கொள்ள ஆலைப் படகுதான் நின்றது. ஆலைச் சட்டையில் அண்ணன்.

"உட்காருங்க" என்றான்.

அந்த 'ங்க'வைக் கேட்காததுபோல் ஏறி உட்கார்ந்தாள். குழாயை இறக்கி எடுத்தாள். பழுப்பு அடுக்கு கொஞ்சம் தடித்திருந்தது.

"எப்படியிருக்கு?" தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டான்.

"நல்லா மூடிட்டு வருதுண்ணா."

"ஆலையில சந்தோஷப்படுவாங்க."

தூரத்தில் ஒரு சின்னப் படகு. அதிலிருந்தவன் குனிந்து சிப்பிக் கூடையை அவசரமாகத் தார்ப்பாய்க்குள் தள்ளினான். அண்ணன் இன்ஜினை முடுக்கினான்.

"பிடிச்சுக்குங்க. அவனை விரட்டிட்டுப் போயிருவோம்."