இல்லாத மேடையில் ஏறி உட்கார்ந்தவர்

சமையலறை அலமாரி செய்து கொடுக்கும் கபோர்டுக்காரர் வீட்டில் ஒரு வாரமாக ஓயாத வாக்குவாதம். காரணம், முகத்தில் மாட்டிக்கொள்ளும் ஒரு கறுப்புப் பெட்டி. வி.ஆர். ஹெட்செட்; மாட்டினால் கணினியில் வரைந்த அறைக்குள்ளேயே நிற்பதுபோல் தெரியும். அந்த ரகத்திலேயே மலிவானது. கீறல் இல்லாமல் கொண்டுவந்தால் சனிக்கிழமைக்குள் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார். அதனால் கபோர்டுக்காரர் மனைவி அதைப் பச்சைக் குழந்தைபோல் துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

“கழட்டினா கண்ணைச் சுத்தி வட்டம் விழுது. ஆந்தை மாதிரி இருக்கீங்க.”

“இருந்துட்டுப் போறேன். இப்ப என்ன, எனக்குப் பொண்ணா பாக்கறாங்க?”

“ஒரு சமையல்கட்டைச் சுத்திப் பாக்கறதுக்குள்ள சார்ஜ் தீந்துபோகுது. ஓரமெல்லாம் மங்கல். எனக்குத் தலை வேற கிறுகிறுங்குது.”

“இந்த விலைக்கு இவ்வளவு தெரியறதே பெருசும்மா. படத்தைப் பாத்துப் புரியாதவங்க கதவையே திறந்து பாக்கலாம்ல?”

படத்தைப் பார்த்துப் புரியாதவர் யாரென்று தெருவுக்கே தெரியும். யோசனை மேடம். கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். பட்டறைக்கு வருவார், தன் வீட்டுச் சமையலறைக்குப் போட்ட வரைபடத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்ப்பார், “மனசுல உருவம் வரமாட்டேங்குது, யோசிச்சுச் சொல்றேன்” என்று கிளம்பிவிடுவார். போகிற வழியில், இதே தொழில் செய்யும் எதிர்ப் பட்டறைக்குள் தலையை நீட்டுவார். கபோர்டுக்காரர் மனைவி ஜன்னல் வழியாக இங்கிருந்து தலையை நீட்டுவாள். நமக்கென்ன வந்தது என்று சொல்லிக்கொண்டே தெருக்காரர்கள் நாமும் அப்போது வாசலுக்கு வந்து நிற்போம்.

பட்டறையில் மரம் அறுக்கும் இயந்திரம் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கிக் கிடந்தது. மேடம் வீட்டு வேலை கிடைத்தால்தான் அது கண் விழிக்கும். பெட்டியால் மேடம் மசிந்தால் பெட்டி வீட்டில் இருக்கட்டும். இல்லாவிட்டால் கடைக்குப் போகட்டும். கணினியில் அலமாரிகளை வரைந்து, பெட்டிக்குள் சமையலறையாக ஏற்றியவளே மனைவிதான். அதனால் தீர்ப்பும் அவளுடையதுதான்.

வெள்ளிக்கிழமை மாலை மேடம் வந்தார்.

“முதல்ல நான் மாட்டிக் காட்டறேன் மேடம்,” என்று கபோர்டுக்காரர் பெட்டியை மாட்டிக்கொண்டார். காற்றில் கதவைத் திறந்தார், காற்றில் இழுப்பறையை இழுத்தார். பேச்சு சூடுபிடித்தது. இங்கேதான் வினை.

அவருக்கு ஒரு பழக்கம். எந்தச் சமையலறையை முடித்தாலும், வீட்டுக்காரர் கண்ணெதிரே சமையல் மேடையில் எம்பி உட்கார்ந்து காலை ஆட்டிக் காட்டுவார். அன்றும் வாய் தன்பாட்டுக்கு, “மேடை எவ்வளவு உறுதின்னு பாருங்க மேடம்!” என்றது. உடம்பும் தன்பாட்டுக்கு எம்பியது.

பெட்டிக்குள் மேடை உறுதியாகத்தான் இருந்தது. பட்டறையில்தான் அது இல்லை.

தொப்பென்று சத்தம். கையை ஊன்றியிருந்தால் இடுப்பு தப்பியிருக்கும். மனிதர் இரண்டு கையாலும் பெட்டியை அல்லவா பிடித்துக்கொண்டார்!

“ஐயோ! கீறல் விழுந்துச்சா?” என்று ஓடிவந்தாள் மனைவி.

“எனக்கா, இதுக்கா?”

“முதல்ல அதைச் சொல்லுங்க!”

மேடம் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். போச்சு, வேலையும் போச்சு, மானமும் போச்சு, இனி எதிர்ப் பட்டறையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள் என்று நினைத்தாள் மனைவி. பெட்டியைப் பிடுங்கித் துணியில் சுற்றப் போனாள்.

“இருங்க, இருங்க,” என்று மேடம் கையை நீட்டினார். “ஏறி உக்கார்ற அளவுக்கா நிஜமாத் தெரியுது? கொடுங்க இப்படி.”

மாட்டிக்கொண்டார். அங்குமிங்கும் நடந்தார். பிறகு கையை மேலே நீட்டி, கால்விரல் நுனியில் நின்றார்.

“மேல் தட்டு எட்டலையே எனக்கு!”

மனைவி கணினியில் தட்டைக் கொஞ்சம் இறக்கினாள்.

“இன்னும்... ஆங், இப்ப எட்டுது.” மேடம் பெட்டியைக் கழற்றினார். கண்ணைச் சுற்றி வட்டம், அசல் ஆந்தை. “யோசிச்சு...” என்று தொடங்கினார்.

புருஷனும் பெண்டாட்டியும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

“யோசிச்சாச்சு. ஆரம்பிச்சுடுங்க.”

சனிக்கிழமை வந்தது, போனது. பெட்டி வீட்டிலேயே இருந்தது. இயந்திரம் விழித்துக்கொண்டு கத்திய கத்தலில் தெருவில் யாருக்கும் மதியத் தூக்கம் இல்லை.

மேடம் வீட்டுச் சமையலறை முடிந்த அன்று, கபோர்டுக்காரர் வழக்கம்போல் எம்பப் போனார். பாதியில் நின்று, பின்னால் கைவிட்டு மேடையைத் தடவிப் பார்த்தார். தட்டியும் பார்த்தார்.

“சும்மா உக்காருங்க,” என்றாள் மனைவி. “இது நான் வரைஞ்சதில்ல, நீங்க செஞ்சது.”

உட்கார்ந்தார். காலை மட்டும் ஆட்டவில்லை. இடுப்பு இன்னும் விட்டபாடில்லை.