கடைவாசலில் சொன்ன சொல்

பூனா கசார்வாடியில் பழைய மும்பை ரோட்டோரம் வஹாபின் பைக் ரிப்பேர் கடை இருந்தது. மேலப்பாளையத்திலிருந்து வந்து இங்கேயே வேர்விட்டவர். சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார் என்று அவருக்குப் பெயர். புகையைப் பார்த்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கறுப்பாக வந்தால் வண்டி பெட்ரோலை அளவுக்கு மீறிக் குடிக்கிறது, வெள்ளையாக வந்து கொஞ்ச நேரத்தில் அடங்கினால் வெறும் ஈரம், நீலம் தட்டினால் உள்ளே ஆயில் எரிகிறது. இதை அவர் கையை ஆட்டி ஆட்டி விளக்குவதைக் கேட்கவென்றே டீயும் கையுமாக நாலு பேர் கடைவாசலில் நிற்பார்கள்.

அப்படி நாலு பேர் நின்ற ஒரு சனிக்கிழமை காலையில்தான் சஹானா தன் பழைய பைக்கைக் கொண்டுவந்தாள். சிஞ்ச்வட்டில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிய வண்டி அது. மழையோ வெயிலோ அதில்தான் போய் வருவாள். புருஷன் சாய்கிருஷ்ணா பின்னால் உட்கார்ந்து வந்திருந்தான்.

வஹாப் ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். சைலன்சரிலிருந்து நீலப் புகை குபுகுபுவென்று கிளம்பி, பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குள் நுழைந்தது. கடைக்கார மனோஜ் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தான்.

"பிஸ்டன் ரிங் போச்சு," என்றார் வஹாப். "சிலிண்டர் போரும் தேஞ்சிருக்கும். எஞ்சினைப் பிரிக்கணும்."

"பாய், போன சர்வீஸுக்கு அப்புறம்தான் இது ஸ்டார்ட் ஆச்சு," என்றாள் சஹானா. பூனாவிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் அவளுக்கு யோசித்து யோசித்துத்தான் வரும். "அதுக்கு முன்னாடி இல்ல. ஏக் பார், ஒருதரம், ஆயில் மட்டும் செக் பண்ணுங்களேன்."

"ஆயில் இருக்கப் போய்த்தானே மேடம் புகையுது!"

இதை அவர் இந்தியிலும் ஒருதரம் சொன்னார். வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு கிடைத்ததும் நாக்கு நிற்கவில்லை, இந்தியிலேயே தொடர்ந்தார். "லேடீஸ் கையில வண்டி போனா இப்படித்தான் சாப். கிளட்சைப் பிடிச்சுக்கிட்டே ஓட்டுவாங்க, சிக்னல்ல நின்னுக்கிட்டே முறுக்குவாங்க. எஞ்சின் என்ன செய்யும் பாவம்?"

மறுபடியும் சிரிப்பு. சாய்கிருஷ்ணாவும் லேசாகச் சிரித்தான். சஹானாவின் முகம் சிவந்துபோயிற்று. ஏதோ சொல்ல வாயெடுத்தவள், தமிழிலா இந்தியிலா என்று தடுமாறி, ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் எத்தனை தடவ சொன்னேன்?" என்றான் சாய்கிருஷ்ணா. "உனக்கு இது வேணாம்னு."

திங்கட்கிழமை வஹாப் வேலையைத் தொடங்கினார். எஞ்சினுக்கு அடியில் தட்டை வைத்து ஆயிலைத் திறந்துவிட்டார். தட்டு நிறைந்தது. நிறைந்தும் நிற்காமல் வழிந்து தரையில் ஓடியது. இந்தச் சைஸ் வண்டிக்கு அந்தத் தட்டு ஒருநாளும் நிறைந்ததில்லை.

வஹாப் குந்தியபடியே யோசித்துப் பார்த்தார். போன சர்வீஸ் அன்று ஒரு பாட்டில் ஊற்றி முடித்த நேரத்தில் மச்சான் போன் பண்ணினான். ஏதோ கல்யாணப் பேச்சு. வெகுநேரம் பேசிவிட்டு வந்து, ஊற்றினோமா இல்லையா என்று பார்க்காமல் அடுத்த பாட்டிலைத் திறந்து கவிழ்த்தது இப்போது கண்முன் வந்து நின்றது. பாதியில் யாரோ கூப்பிட, மூடியைப் போட்டுவிட்டு எழுந்து போயிருந்தார்.

அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்கலாம். அளவாகப் புது ஆயில் ஊற்றி ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் அவர் ஸ்பேனரை எடுத்து எஞ்சினைப் பிரித்தார். உள்ளே ஒரு கீறலாவது இருக்கட்டும், ஒரு ரிங்காவது தேய்ந்திருக்கட்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சொன்ன சொல்லுக்கு ஏதாவது ஒரு சாட்சி வேண்டும் அவருக்கு.

ஒன்றும் கிடைக்கவில்லை. சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது. ரிங்குகள் அளவு பிசகாமல் இருந்தன. வண்டியைப் பார்த்துப் பார்த்து ஓட்டிய கை என்று எந்த மெக்கானிக்கும் சொல்லுவான். ஏர் ஃபில்டரைக் கழற்றினால் அது ஆயிலில் ஊறி, பிழிந்தால் சொட்டியது. மிஞ்சிய ஆயில் அந்த வழியாகப் போய்த்தான் எரிந்திருக்கிறது. அவள் கேட்ட ஒரே விஷயத்தை அன்றைக்கே செய்திருந்தால் முடிந்திருக்கும் வேலை.

எல்லாவற்றையும் மாட்டி, புது ஃபில்டர் போட்டு, ஆயில் அளவுகோலை மூன்றுதரம் துடைத்துத் துடைத்துப் பார்த்து ஆயில் ஊற்றினார். ஸ்டார்ட் செய்தார். துளி புகை இல்லை.

வண்டியை எடுக்க சாய்கிருஷ்ணா மட்டும் வந்தான்.

"ரிங்தானே பாய்?"

வஹாப் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "சரி பண்ணியாச்சு சார்," என்றார்.

"நல்லவேளை, நீங்க எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. நான் சொன்னா கேக்கவே மாட்டா. வீட்டுல இருந்த சாவியையும் வாங்கி வச்சுட்டேன். வண்டியை யாராவது வாங்கறவங்க இருந்தா சொல்லுங்க, தள்ளிவிட்டுடலாம்."

சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. மனோஜ் கடைப் படியில் உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். வஹாப் தலையை மட்டும் ஆட்டினார்.

இரண்டு நாள் கழித்து நாசிக் பாட்டா சிக்னலில் அவர் சஹானாவைப் பார்த்தார். ஆள் பிதுங்கும் ஷேர் ரிக்ஷாவில், பாதி உடம்பு வெளியே தெரிய, பையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் துப்பட்டாவை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். தப்புச் செய்தவள் மாதிரி. ஒளிந்துகொள்ள வேண்டியவர் அவர், ஒளிந்துகொண்டது அவள்.

அன்று சாயங்காலமே அவர்கள் குடியிருந்த ஹவுசிங் சொசைட்டிக்குப் போனார். சாய்கிருஷ்ணா கதவைத் திறந்து, ஆச்சரியத்தோடு உள்ளே அழைத்து, நாற்காலி போட்டான். வஹாப் உட்காரவில்லை.

"மேடத்தையும் கூப்பிடுங்க சார்."

சஹானா அடுக்களையிலிருந்து வந்து நின்றாள். வஹாப் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தார். ஆயிலை இரண்டுதரம் ஊற்றியது, எஞ்சினைப் பிரித்தது, பிரித்ததில் ஒரு பழுதும் இல்லாதது, சார் கேட்டபோது மழுப்பியது, எல்லாம்.

"என் தப்பு மேடம். உங்க ஓட்டத்துல ஒரு குறையும் இல்ல. மன்னிச்சிருங்க."

சாய்கிருஷ்ணா போய் அலமாரியிலிருந்து சாவியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். அவன் முகமும் பார்க்கும்படியாக இல்லை. சஹானா சாவியைத் தொடவில்லை.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க பாய்," என்றாள். ஒவ்வொரு வார்த்தையையும் தேடி எடுத்து வைத்தாள். "ஹிந்தியில கூட சொன்னீங்க, எல்லாருக்கும் புரியணும்னு. இப்ப சாரி மட்டும் கதவு மூடிட்டு சொல்றீங்க."

வஹாபுக்குக் காதெல்லாம் சூடேறியது. "நீங்க சனிக்கிழமை கடைக்கு வாங்க," என்றார். "அங்க வச்சே சொல்லுதேன்."

வராமல் இருந்துவிட்டால் நன்றாயிருக்கும் என்று சனிக்கிழமை காலை முழுக்க நினைத்துக்கொண்டிருந்தார். அப்படி நினைத்ததற்கும் சேர்த்து வெட்கப்பட்டார். அவள் வந்தாள், தனியாக, தானே ஓட்டிக்கொண்டு. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றாள். வாசலில் வழக்கமான கூட்டம். மனோஜும் இருந்தான்.

வஹாப் எழுந்தார். "போன தடவை இவங்க வண்டி ஓட்டறதைப் பத்தி நான் இங்க நின்னு பேசினேன்ல," என்று இந்தியில் ஆரம்பித்தார். "அது பொய். ஆயிலை அளவுக்கு மேல ஊத்தினது நான். இவங்க ஆயிலைப் பாருன்னு சொன்னாங்க. நான் பார்க்காம கேலி பண்ணினேன். தப்பு என் பேர்ல."

டீ கிளாஸோடு நின்ற ஒருவன் கிளாஸைப் பார்த்தான். பிறகு மனோஜ் சிரித்தான். "அரே வஹாப் பாய், நீங்களே இப்படின்னா நாங்க எங்க போறது?" அத்தனை பேரும் சிரித்தார்கள். இந்த முறை சிரிப்பு அவர் மேல் விழுந்தது. விழுந்தபோதுதான் அது எவ்வளவு கனம் என்று தெரிந்தது.

சஹானா சிரிக்கவில்லை. "டீக் ஹை, சரி," என்றாள்.

"அடுத்த சர்வீஸுக்குக் கொண்டாங்க மேடம். நான் பொறுப்பா—"

"இல்ல பாய். வேற இடம் பாத்துட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வண்டியைத் திருப்பி, லாரிகளுக்கு நடுவே சிஞ்ச்வட் பக்கம் போய்விட்டாள்.

மத்தியானம் வீட்டில் சோற்றை அளைந்துகொண்டிருந்தவரிடம் மும்தாஜ் என்னவென்று கேட்டாள். மனைவியிடம் மறைக்க அவருக்குத் தெம்பில்லை. நடந்ததை எல்லாம் சொன்னார். கடைவாசலில் சொன்னதைவிட இங்கே சொல்வது கஷ்டமாக இருந்தது.

மும்தாஜ் குழம்புச் சட்டியை இறக்கி வைத்தாள். "கை தவறுறது யாருக்கும் உள்ளதுதான்," என்றாள். "ஆனா அந்தப் புள்ள சொல்லும்போது ஒருதரம் குனிஞ்சு பார்த்தா என்ன கொறஞ்சா போயிருவிய?"

வஹாப் வாயைத் திறந்தார். மும்தாஜ் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்துவிட்டு, துணி எடுக்க மாடிக்குப் போய்விட்டாள்.