பாலத்தில் இடம் மாறிய பேச்சு

1979-ஆம் வருஷம் பங்குனி மாதம் பதினோராம் தேதி, ராமேஸ்வரம் பாசஞ்சர் பாம்பன் பாலத்தைக் கடக்க எடுத்துக்கொண்ட இருபது நிமிஷத்துக்குள், மேலநெடுங்கரை வெள்ளையம்மாளின் தமிழும் அவள் வீட்டு விருந்தாளியின் நார்வே பாஷையும் ஒன்றுக்கொன்று இடம் மாறிக்கொண்டன. அன்று காற்று பலமாக இருந்ததால் ரயிலை மண்டபத்தில் முக்கால் மணி நேரம் நிறுத்தி வைத்து, பிறகு ஆள் நடக்கிற வேகத்தில் விட்டார்கள். பெட்டியில் பதினான்கு பேர் இருந்தார்கள். மற்ற பன்னிரண்டு பேருக்கும் எதுவும் ஆகவில்லை.

முதுகுளத்தூர் நட்புறவு மன்றம் 1974-இல் தொடங்கப்பட்டது. பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திய குருநாதன் வாத்தியார் செயலாளர். ராமநாதபுரத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த வாவு முகம்மது தலைவர். சர்க்காருக்கும் சர்க்காருக்கும் இடையே ஆகாத காரியம் அடுப்படிக்கும் அடுப்படிக்கும் இடையே ஆகும் என்பது வாத்தியாரின் நம்பிக்கை. எங்கள் ஊருக்கு வாருங்கள், எங்கள் வீடுகளில் தங்குங்கள் என்று பதினேழு நாடுகளுக்குக் கடிதம் எழுதினார். நாலு வருஷம் யாரும் வரவில்லை. ஐந்தாம் வருஷம் நார்வே நாட்டிலிருந்து, விவசாயம் படிக்கிற சிக்ரிட் என்ற பெண் வருவதாகப் பதில் வந்தது. கடிதத்தைப் பார்த்ததும் மன்றத்துக்காரர்கள் பயந்துபோனார்கள். எதைச் சாப்பிடுவாள், எங்கே குளிப்பாள் என்று ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். அந்தக் கூட்டத்துக்கு மிளகாய் விதை பற்றி விசாரிக்க வந்திருந்த வெள்ளையம்மாள்தான் கையைத் தூக்கினாள்.

"அந்தப் பிள்ளைக்கு நம்ம பேச்சு தெரியாதே தாயி" என்றார் வாத்தியார்.

"தெரியாட்டி என்ன சார்? ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசிக்கிறேன்."

அது வெறும் வாய்ச்சவடால் இல்லை. வெள்ளையம்மாள் பேசுகிறவள். ரோட்டோரம் நின்று கண்டக்டரிடம் பேச ஆரம்பித்தால் கடலாடி பஸ் கால் மணி தாமதமாகப் போகும். அவள் புருஷன் தவசி ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிற மனுஷன்; மீதியை அவள் பார்த்துக்கொள்வாள் என்று கல்யாணத்தன்றே விட்டுவிட்டவன். ஆறு வயது மகள் வீரலட்சுமியை அவள் லெச்சு என்றும், கோபம் வந்தால் என் சக்களத்தி என்றும், தூங்கவைக்கும்போது என் கருவாட்டுத் துண்டு என்றும் கூப்பிட்டாள்.

தை மாதம் வந்த சிக்ரிட் அறுபத்தைந்து நாள் அந்த வீட்டில் இருந்தாள். ஊரில் அவளைச் சிகரெட்டு என்றார்கள். வாத்தியார் மூன்று தடவை திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். இருபத்தோரு வயது, அதிகம் சிரிக்காத பெண். குண்டு மிளகாய் பறித்த முதல் நாள், தெரியாமல் கண்ணைக் கசக்கி அரை நாள் அழுதாள். மறுநாளும் பறிக்கப் போனாள். வெள்ளையம்மாள் கொல்லையில் செடிக்குச் செடி பேசிக்கொண்டே போவாள், அந்தப் பெண் கேட்டுக்கொண்டே பின்னால் வருவாள். எப்போதாவது அவள் தன் பாஷையில் ஏதாவது சொன்னால் வெள்ளையம்மாள், "அதானே, நல்லாக் கேளு அவங்கள" என்று பொத்தாம்பொதுவாகப் பதில் சொல்லுவாள். பாஷை தெரியாத குறை இருவருக்குமே இருந்ததாகத் தெரியவில்லை.

வழியனுப்பும் முன் விருந்தாளிக்கு ராமேஸ்வரம் காட்ட மன்றம் ஏற்பாடு செய்தது; வெள்ளையம்மாளும் தவசியும் கூடப் போனார்கள். ரயில் பாலத்தில் ஏறியதும், இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர்கூட இல்லாமல் காலுக்குக் கீழே கடல் வெறும் கடலாகத் தெரிந்தது. வெள்ளையம்மாள் சிக்ரிட்டின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், சிக்ரிட் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பெட்டி ஆடிய ஆட்டத்தில் இருவரும் அவரவர் பாஷையில் கத்தினார்கள். காற்றில் இருவர் சத்தமும் கேட்கவில்லை. வாய் திறந்து மூடுவதை மட்டும் தவசி பார்த்தான்.

கட்டுச்சோறு சாப்பிடலாமென்று பாம்பன் ஸ்டேஷனில் முதலில் இறங்கியவள் சிக்ரிட். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு தவசியைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாத்தே, என்னா காத்து! இந்தாங்க, தூக்குச்சட்டிய எடுத்தாச்சா, இல்ல பெஞ்சுக்கடியிலயே விட்டுட்டு வாரீகளா?"

"எடுத்தாச்சு" என்று தவசி பதில் சொன்னான். சொல்லிவிட்டுத்தான் யாருக்குச் சொன்னோம் என்று பார்த்தான். கையிலிருந்த தூக்குச்சட்டி நழுவிப் புளிச்சோறு பிளாட்பாரத்தில் கொட்டியது. சிக்ரிட் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். எல்லோரும் வெள்ளையம்மாளைப் பார்த்தார்கள். அவள் ஏதோ கேட்டாள். நீளமாக, வேகமாக, அவள் வழக்கப்படி கையை ஆட்டிக் கேட்டாள். அதில் ஒரு சொல்கூட யாருக்கும் புரியவில்லை, சிக்ரிட்டுக்கும் புரியவில்லை.

அன்றும் மறுநாளுமாக அந்தப் பாலத்தை நாலு தடவை கடந்தார்கள். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டும் பிடிக்காமலும், கத்தியும் கத்தாமலும் கடந்து பார்த்தார்கள். ராமநாதபுரத்தில் ஒரு டாக்டர் இருவர் தொண்டையிலும் டார்ச் அடித்துப் பார்த்து, சதை ஒன்றும் வளரவில்லை என்றார். குருநாதன் வாத்தியார் மன்றத்தின் நடவடிக்கைப் புத்தகத்தில், பரிமாற்றம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக நடைபெற்றது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்து மற்ற பக்கங்களில் இருப்பது மாதிரி இல்லை.

வெள்ளையம்மாளுக்கு ஊரே கண்மாய்த் தவளையாகிவிட்டது. தெரிந்த முகங்கள் தெரியாத சத்தம் போட்டன. அவள் தலைக்குள் சொற்கள் குறையாமல்தான் இருந்தன. ஆனால் அவை பனிக்கும், படகு கட்டும் கயிற்றுக்கும், உப்பிட்ட பெரிய மீனுக்கும் உரியவை. கருவேல முள்ளுக்கு அதில் சொல் இல்லை. குண்டு மிளகாய்க்கு இல்லை. மகளை மடியில் இழுத்துப்போட்டு, பழக்கத்தில் வாயைத் திறந்தாள். கருவாட்டுத் துண்டு வரவில்லை. வேறு ஏதோ ஒரு வீட்டில், வேறு ஏதோ ஒரு அம்மா தன் குழந்தையைக் கொஞ்சிய சொல் வந்தது. லெச்சு பயந்து எழுந்து ஓடி சிக்ரிட்டின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"இங்கன எதுக்குடி வார, சக்களத்தி? போ, ஒங்காத்தாட்டப் போ" என்றாள் சிக்ரிட். அச்சு அசலாக வெள்ளையம்மாளின் குரலோட்டம். சொன்னவளுக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது. லெச்சு காலை விடவில்லை. வெள்ளையம்மாள் சுவரில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றுதான் தன்னிடமிருந்து என்ன போயிருக்கிறது என்று அவளுக்கு உறைத்தது. புருஷனைக் கடலில் பறிகொடுத்தவர்கள் கரையில் உட்காருவார்களே, அப்படி அசையாமல் உட்கார்ந்துவிட்டாள்.

விசா முடிந்து சிக்ரிட் கிளம்பினாள். பஸ் ஏறும்போது, "நா இங்கனயே கெடக்குறேனே, அக்காளக் கொண்டுபோயி எங்கம்மாட்ட விடுங்களேன்" என்று வாத்தியாரிடம் கெஞ்சினாள். பாஸ்போர்ட்டில் அதற்கு வழியில்லை. அவளுக்கு இங்கிலீஷ் மட்டும் சேதமில்லாமல் மிஞ்சியிருந்ததால் ஊர் போய்ச் சேர்வதில் சிரமம் இருக்கவில்லை.

நாலு மாதம் வெள்ளையம்மாள் வாய் திறக்கவில்லை. தவசிதான் பேச ஆரம்பித்தான். பத்து வார்த்தைக்காரன், காலையிலிருந்து சாயங்காலம் வரை கொல்லையில் அவள் பின்னால் நடந்து, "இது செடி. இது பூ. இது பூச்சி விழுந்த காய்" என்று சொல்லிக்கொண்டே போனான். லெச்சு பள்ளிக்கூடத்தில் படித்ததை வந்து அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஆவணியில் வாவு முகம்மது, கொழும்பிலிருந்து வந்த டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பேசுங்க தங்கச்சி, என்ன தோணுதோ பேசுங்க. அந்த நாட்டுல ஒருத்தருக்காச்சும் புரியும்" என்று கையால் சாடை காட்டினார். அவள் ஒரு மணி நேரம் பேசினாள். அந்த கேசட் தபாலில் நார்வேக்கு, சிக்ரிட்டின் வீட்டுக்குப் போனது.

பதில் கேசட் ஐப்பசியில் வந்தது. பொத்தானை அழுத்தியதும் வயதான ஒரு பெண்ணின் குரல் வந்தது. வெள்ளையம்மாள் விறைத்துப்போனாள். ஏழு மாதத்துக்குப் பிறகு ஒரு மனுஷி பேசுவது அவளுக்குப் புரிந்தது.

அது சிக்ரிட்டின் தாய் மார்த்தா. மீன் பதனிடும் ஆலையில் வேலை பார்க்கிற விதவை. இந்தியா போகாதே என்று தடுத்தபோது, இனி உன்னிடம் எனக்குப் பேச்சில்லை என்று சொல்லிவிட்டுத்தான் மகள் கிளம்பினாளாம். திரும்பி வந்தவள் புரியாத பாஷையில் பேசினாள். சொன்னபடியே செய்துகாட்டுகிறாள், வேஷம் போடுகிறாள் என்று மார்த்தா நினைத்தாள். இங்கிலீஷ் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரியை மகள் கூட்டிவந்தபோது, என் பிள்ளை என்னோடு பேச எனக்கு அடுத்தவள் எதற்கு என்று கதவைச் சாத்திவிட்டாள். பிறகு இந்த கேசட் வந்தது. முன்பின் தெரியாத குரல் ஒன்று, மார்த்தா தன் மகளைத் தொட்டிலில் கொஞ்சிய சொல்லை, அந்த வீட்டைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாத சொல்லைச் சொன்னது. அதைக் கேட்டுக் கையிலிருந்த பாத்திரத்தைப் போட்டு உடைத்துவிட்டேன் என்றாள் மார்த்தா. என் மகளின் பேச்சு உன்னிடம் இருக்கிறதா, பேச்சில்லை என்று அவள் மனதறிந்துதான் சொன்னாளா, உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். வெள்ளையம்மாளுக்குத் தெரியவில்லை. அவளிடம் வந்தது பேச்சுத்தான், மனசு வரவில்லை.

கேசட்டின் மறுபக்கத்தில் சிக்ரிட் தவசிக்கும் லெச்சுவுக்கும் தமிழில் பேசியிருந்தாள். உரம் வைத்தாயிற்றா, லெச்சு தலையில் பேன் பார்த்தீர்களா என்றெல்லாம் கேட்டிருந்தாள். இப்படி இரண்டு வருஷம் கேசட் போய்வந்தது. வெள்ளையம்மாள் எட்டு வயது மகளின் அளவுக்குத் தமிழ் படித்துவிட்டாள். நகரத்தில் வேலைக்குப் போன சிக்ரிட்டோடு எல்லோரும் இங்கிலீஷிலேயே பேசியதால், கடையில் ரொட்டி வாங்குகிற அளவுக்குத்தான் நார்வே பாஷை அவள் நாக்கில் ஒட்டியது.

1981 கார்த்திகையில் குருநாதன் வாத்தியாருக்குத் தந்தி வந்தது. மார்த்தா ஆஸ்பத்திரியில், நிலைமை மோசம், நாளை மூன்று மணிக்கு ஜவுளிக்கடை போனில் அக்கா இருக்க வேண்டும். மறுநாள் பன்னிரண்டு மணிக்கே எல்லோரும் வாவு முகம்மதுவின் கடைக்குப் போய்விட்டார்கள். மணி அடித்தபோது சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களும் கையை எடுத்துவிட்டார்கள்.

"அக்கா" என்றாள் சிக்ரிட். "அம்மாட்டச் சொல்லுக்கா. கோவத்துல வந்த பேச்சு அது. நா வீம்புக்குப் பேசாம இருக்கல, எனக்குப் பேச்சு வரலன்னு சொல்லு. நெனச்சு நெனச்சு நெஞ்சு வெந்து கெடக்குறேன்னு சொல்லு."

நெஞ்சு வெந்து என்பது லெச்சு சொல்லிக்கொடுத்த தமிழில் இல்லை. வெள்ளையம்மாள் தவசியைப் பார்த்தாள். அவன் தன் மார்பில் கை வைத்து, முகத்தைச் சுளித்துக் காட்டினான். அவளுக்குப் புரிந்தது. அங்கே போன் கைமாறும் சத்தம் கேட்டது. பிறகு மூச்சு இரைக்கிற சத்தம். வெள்ளையம்மாள் சொன்னாள். மகள் சொன்னதையெல்லாம் சொல்லி முடித்து, கூடவே அந்தத் தொட்டில் சொல்லையும் சொன்னாள். கடைக்குள் மின்விசிறி மட்டும் ஓடியது. பிறகு மார்த்தா, வெளியே விளையாடி வந்த சின்னப்பிள்ளையிடம் சொல்வது மாதிரி, ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். போன் திரும்பவும் சிக்ரிட்டிடம் வந்தது.

"அம்மா... சொல்லுறாங்க" என்றாள் வெள்ளையம்மாள். நிறுத்தினாள். அந்தச் சாமானுக்குத் தமிழ் அவசரத்தில் வரவில்லை. போனைக் கையால் மூடிக்கொண்டு லெச்சுவிடம் தன் காலைக் காட்டினாள்.

"செருப்பு" என்றாள் லெச்சு.

"செருப்பு நனஞ்சிருக்கு. கழட்டு. அடுப்புக்கிட்ட வையி. சொல்லுறாங்க."

மறுமுனையில், முதுகுளத்தூர்ப் பக்கத்து இழவு வீடுகளில் கேட்கிற மாதிரி, "என்னப் பெத்த ஆத்தா" என்ற அலறல் கேட்டது. கடையில் இருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வாவு முகம்மது, "யா அல்லாஹ்" என்று துணி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். மூன்று நாள் கழித்து மார்த்தா இறந்தாள்.

அதோடு பேச்சு இடம் திரும்பும் என்று மன்றத்தில் சிலர் எதிர்பார்த்தார்கள். திரும்பவில்லை. மன்றம் அதன்பின் முப்பத்தொரு விருந்தாளிகளை அழைத்து வந்தது; அவர்களில் ஒருவர் சீக்கில் விழுந்தார், ஒருவர் சாயல்குடியில் பெண் கட்டினார், மற்றபடி குறிப்பிட எதுவுமில்லை. சிக்ரிட் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வந்துபோனாள். 1992-இல் லெச்சுவின் கல்யாணத்தில் சம்பந்தக்காரர்களோடு வாயாடி, சீர்வரிசையில் அவர்கள் சொன்ன குறைக்கெல்லாம் வாய் அடைக்கப் பதில் சொன்னவள் அவள்தான். வெள்ளையம்மாள் அவள் பக்கத்தில் நின்று தலையாட்டினாள். லெச்சு இருவர் காலிலும் விழுந்தாள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு இரண்டு ஆத்தாவா என்று கேட்டபோது, ஊர்க்காரர்கள் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார்கள்.

2001 மாசியில் ஜனத்தொகைக் கணக்கெடுக்க ஆரம்பப் பள்ளி டீச்சர் பூமயில் வந்தாள். தவசி வெளியே கயிற்றுக் கட்டிலில் மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தான். வெள்ளையம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பெயர், வயது, படிப்பு எல்லாம் எழுதிவிட்டு டீச்சர் கேட்டாள்.

"அம்மாவுக்குத் தாய்மொழி?"

"நார்வே" என்றான் தவசி.

பூமயில் எழுதிக்கொண்டாள். "வேற தெரிஞ்ச மொழி?"

"தமிழ் கொஞ்சம் வரும்" என்றாள் வெள்ளையம்மாள்.

அதையும் எழுதிக்கொண்டு, சொந்த நிலத்தில் விவசாயமா, கூலி வேலையா என்று டீச்சர் அடுத்த கட்டத்துக்குப் போனாள்.