குளியலறைக் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள்

1

இந்தக் கதையின் முதல் வரியை நான் ஏற்கெனவே எழுதிவிட்டேன். ஒரு விடுதியின் 214ஆம் அறையில், மேசைமேல் வைத்திருந்த கருத்துச் சீட்டில். "குளியலறைக் கண்ணாடிக் கதவு முழுக்க வெள்ளைப் புள்ளிகள். சரியாகத் துடைப்பதில்லை." கீழே கையெழுத்து வேறு. இத்தனை வருடம் எழுதியதில் உடனே பலன் கொடுத்தது அதுதான். வெட்கக்கேடு.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? அறையைக் காலி செய்துவிட்டுப் படியிறங்கியவன், மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டதால் திரும்பிப் போனேன். கதவு திறந்திருந்தது. குளியலறைக்குள் இரண்டு பெண்கள்.

"உன்னக் கண்ணாடியக்கான்னு கூப்பிடுறாங்க. கண்ணாடி லட்சணத்தப் பாரு!" இது சூப்பர்வைசர் அம்மா. அவர் கையில் என் சீட்டு.

"தேய்ச்சேன் மேடம், சத்தியமா தேய்ச்சேன்." இது துப்புரவு வேலை பார்க்கும் அக்கா. "ஈரமா இருக்கிற வரைக்கும் பளிச்சுன்னு இருக்கும். காஞ்சா வந்துருது. தண்ணி அப்படி. உப்புத்தண்ணி."

"தண்ணி மேல பழியப் போடாத. இது மூணாவது புகார். சனிக்கிழமை வரைக்கும் பாக்குறேன். அப்புறம் வேற ஆள வச்சுக்குவேன்."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழிக்குக் காரணமானவன் வாசலில்தான் நின்றேன். மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் நழுவிவிட்டேன்.

2

அந்த நகரத்துக் குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பின் அளவு...

[அடித்துவிட்டேன். பாடப்புத்தகம்.]

கண்ணாடியில் அந்தப் புள்ளிகள் விண்மீன்களைப் போல...

[இதையும். தேய்த்துத் தேய்த்துத் தோள்பட்டை வலிக்கிறவரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.]

சரி, அவர் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

கண்ணாடியக்கா வீட்டுக்கும் அதே தண்ணீர்தான். பக்கெட்டுக்குள் வெள்ளை வளையம். கெட்டிலின் அடியில் ஓடு கட்டி, கொதிக்க இரண்டு மடங்கு நேரம். ஷவரில் பாதி ஓட்டை அடைத்துக்கொண்டு, மிச்சத் தண்ணீர் சுவரைக் குளிப்பாட்டுகிறது. தலைக்குக் குளித்தால் முடி நார் நாராக நிற்கும். காய்ந்த துண்டைச் சுவரில் சாய்த்து நிறுத்தலாம். வேலைக்குப் போட்டுப் போகும் கருநீலச் சட்டை சாம்பல் பூத்துவிட்டது. அன்று மாலை அவர் அதைத்தான் கசக்கிக்கொண்டிருந்தார்.

"உங்க மேடத்த ஒரு நாள் நம்ம வீட்டுல குளிக்கச் சொல்லு," என்றார் கணவர். "சோப்புல நுரை வர்றதுக்குள்ள ரிட்டயர் ஆயிருவாங்க."

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டு. சனிக்கிழமை வேலை போச்சுன்னா என்ன பண்றது? எட்டு வருஷம்ங்க. எனக்குத் தெரிஞ்ச வேல இது ஒண்ணுதான்."

கணவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, சட்டையின் மறுமுனையைப் பிடித்து முறுக்கிக் கொடுத்தார்.

[இந்தக் கணவரை நான் பார்த்ததில்லை. அப்படி ஒருவர் இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. சனிக்கிழமைக்காக அந்த அக்கா தனியாக உட்கார்ந்து பயப்பட வேண்டாமே என்று நானாகத்தான் சேர்த்தேன்.]

3

வீட்டுக்கு வந்து நாலு இடத்தில் விசாரித்தபோதுதான் எனக்கு உறைத்தது. குளித்த கையோடு, தண்ணீர் காய்வதற்குள் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டால் புள்ளி விழாது. ஆனால் தங்கியிருப்பவர் உள்ளே இருக்கும்வரை அக்கா அறைக்குள் நுழையக் கூடாது. நான் ஏழு மணிக்குக் குளிப்பேன், ஒன்பதரைக்கு வெளியே போவேன். அதற்குள் உப்பு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். விடுதி கொடுக்கும் சோப்புத் திரவம் அதை அசைக்காது. நான் இரண்டு நாள் தங்கினேன். புகார் எழுதிய புள்ளிகளில் பாதி, நானே குளித்துத் தெறித்தவை!

ஆகவே கதையிலாவது உதவலாம் என்று அக்காவிடம் ஒரு வினிகர் பாட்டில் கொடுத்தேன். துண்டுகளுக்கு அடியில் மறைத்துத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார். கதவில் தெளித்தார். பத்து நிமிடம் காத்திருந்து துடைத்தார். கதவு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

"அடேயப்பா!" என்று வாய்விட்டே சொன்னார். வாளியைத் தூக்கத் திரும்பியபோதுதான் வாஷ்பேசின் மேடையைப் பார்த்தார். பளிங்கு மேடை. வினிகர் சொட்டிய இடமெல்லாம் பளபளப்புச் செத்து, மங்கல் மங்கலாகக் கிடந்தது. தேய்த்தார். போகவில்லை. நகத்தால் சுரண்டினார். அதற்கும் போகவில்லை. சோப்புக் கிண்ணத்தை நகர்த்தி மூடிப் பார்த்தார். ஒரு கிண்ணம், ஏழு மங்கல்.

உதவி செய்யாவிட்டாலும் உபத்திரவம் செய்யாமல் இரு என்று சும்மாவா சொன்னார்கள்?

[அந்தப் பாட்டிலை எடுத்துவிட்டேன். பளிங்கைப் பழையபடி ஆக்கிவிட்டேன். கதையில் அது ஒரு நிமிட வேலை.]

4

முடிவுகளும் எழுதிப் பார்த்தேன்.

சூப்பர்வைசர் அம்மா வீட்டில் தன் கெட்டிலைத் திறந்து பார்க்கிறார், மனம் மாறுகிறார். அவருக்கும் அதே தண்ணீர்தானே? நடக்கலாம். ஆனால் புகார்ச் சீட்டைக் காட்டி அவரை அதட்டவும் மேலே ஒருவர் இருப்பார்.

அல்லது: சாவியையும் சட்டையையும் ஒப்படைத்துவிட்டுக் கண்ணாடியக்கா பின்வாசல் வழியாக...

[மாட்டேன். கை வரவில்லை.]

அல்லது, அன்றே அந்த வாசலில் நின்று நான் சொல்கிறேன்: "மேடம், தப்பு என்னோடது." கதையில் எனக்கு எவ்வளவு தைரியம் பாருங்கள்!

5

இன்று சனிக்கிழமை. மணி நாலு இருபது.

நாலு மணிக்கே விடுதிக்கு ஒருமுறை கூப்பிட்டேன். "சூப்பர்வைசர் மேடமா? அஞ்சு மணி வரைக்கும் இருப்பாங்க சார், நீங்க யாரு?" என்றார்கள். வைத்துவிட்டேன். பிறகு வந்து உட்கார்ந்து மூன்று முடிவு எழுதினேன். என் பிழைப்பைப் பாருங்கள்.

மன்னியுங்கள், கதையை இங்கேயே போட்டுவிட்டுப் போகிறேன். மிச்சத்தை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். கணவரை எடுத்துவிடுங்கள், கெட்டிலை மாற்றுங்கள். அந்த அக்காவின் வேலையில் மட்டும் கை வைக்காதீர்கள்.

மறுமுனையில் போன் மணி அடிக்கிறது. எடுக்கிறார்கள்.

"ஹலோ... மேடம் இருக்காங்களா? நான் இருநூத்திப் பதினாலுல தங்கியிருந்தவன். அந்தச் சீட்ட எழுதினது நான்தான்..."