மிராசுதார் ஜீப்பும் லின்சி வீட்டு இட்லியும்

தமிழ்மாறன் கத்தாருக்கு விமானம் ஏறுவதற்கு முன்னால் பெண்டாட்டியிடம் ஒரு சத்தியம் வாங்கினான். கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிற ஜீப்பின் சாவியை அவள் தொடக் கூடாது. செம்மொழியும் கற்பூரத்தை ஏற்றி, மாரியம்மன் சத்தியமாகத் தொட மாட்டேன் என்றாள். அந்தச் சத்தியத்தை அவள் இன்றுவரை காப்பாற்றித்தான் வருகிறாள், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த அம்மாவிடமும் ஒரு சத்தியம் வாங்கிவைக்க அவனுக்குத்தான் தோன்றவில்லை.

அது லேசுப்பட்ட ஜீப்பு இல்லை. திருப்பனந்தாளுக்குத் தெற்கே அந்த ஊரில் மிராசுதார் வாய்க்கால் கரைமேல் ஓட்டிவந்து நடவு மேற்பார்த்த ஜீப்பு. சேறோ மணலோ, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். மிராசுதார் வீட்டார் நிலத்தை விற்றுச் சென்னைக்குப் போனபோது, அதே வயலில் கூலிக்கு நட்ட பொன்னுத்தாயின் மகன் அதை வாங்கினான். வாங்கி, ஊரை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, மூடி வைத்துவிட்டுப் போய்விட்டான். அவன் ஏற்பாட்டின்படி மெக்கானிக் காதர் மைதீன் மாதம் ஒருமுறை வந்து இன்ஜினை ஓடவிட்டுப் பார்ப்பார். பொன்னுத்தாய் அதில் ஒருநாளும் ஏறியதில்லை. உரிமையோடு ஏறி இறங்கியது ஒரு செவலைக் கோழிதான். பின்சீட்டுக்கு அடியில் முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது.

செம்மொழி வீட்டில் பெரிய கிரைண்டர் ஒன்று உண்டு. அக்கம்பக்கத்துக்கு மாவரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு, அந்த மே மாதம் முதல்முறையாக ஒரு விசேஷ வீட்டு வேலை கிடைத்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் விண்ணரசி டீச்சர் வீடு. அவர் மகள் லின்சிக்கு ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மை விழா. பூசை முடிந்து வருகிற இருநூறு பேருக்கும் இட்லி. மாவு உன் பொறுப்பு, உன்னை நம்பித்தான் சமையல்காரரிடம்கூட நான் சொல்லவில்லை என்று டீச்சர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இதை ஒழுங்காகச் செய்துவிட்டால் சுற்றுவட்டாரத்து விசேஷமெல்லாம் தேடிவரும். சொதப்பினால் அக்கம்பக்கத்து மாவும் போய்விடும்.

பாதி நாள் கரண்ட் இல்லாமல் கிடந்த வருஷம் அது. இருக்கிற நேரம் பார்த்து அரைத்துவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். வியாழக்கிழமை டிரான்ஸ்பார்மரே எரிந்துபோனது. சனிக்கிழமை காலை வரும் என்றார்கள். அதை நம்பி அன்று விடிந்ததும் அரிசியையும் உளுந்தையும் ஊறப்போட்டாள். பத்து மணிக்குக் கேட்டால் திங்கட்கிழமை என்றார்கள். கத்திரி வெயில். ஊறிய அரிசி சாயங்காலத்துக்கு மேல் தாங்காது.

அண்டாவையும் கொட்டகையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த மருமகளிடம் பொன்னுத்தாய் மெதுவாகச் சொன்னாள்:

"நீதான் சாவியத் தொடக் கூடாது. நான் தொடலாம்ல?"

ஆள் போய், காதர் மைதீன் வந்தார். ஆம்புலன்சிலிருந்து கழற்றிய இன்வெர்ட்டர் ஒன்று அவர் கடையில் சும்மா கிடந்தது. பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக்கித் தரும் பெட்டி. அதையும் ஒரு லாரி பேட்டரியையும் கொண்டுவந்திருந்தார். காற்றோட்டமான இடம் பின்சீட்டுக்கு அடிதான் என்று குனிந்தவரைக் கோழி கொத்தியது. முட்டைகளோடு அதைக் கூடையில் எடுத்து முன்சீட்டில் வைத்தார்கள். பெட்டியை அங்கே திருகி முடுக்கி, கட்டைவிரல் கனத்துக்கு வயர் இழுத்து, பேட்டரியை ஒட்டியே ஃப்யூஸ் வைத்தார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் அரை மணியில் பேட்டரி படுத்துவிடும் என்றார். பொன்னுத்தாய் சாவியைத் திருகினாள். ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பிடிக்க ஆள் வேண்டுமே என்றதும் உள்ளே போய் அம்மிக் குழவியைத் தூக்கிவந்து அதன்மேல் சாய்த்தாள். அளவாக உறுமியது.

கிரைண்டர் நிறைய அரிசியைப் போட்டு செம்மொழி சுவிட்சைத் தட்டினாள். பெட்டி கீச்சென்று கத்திச் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றது. மறுபடி தட்டினாள். மறுபடி கீச். காதர் மைதீன் உதட்டைப் பிதுக்கினார். கிரைண்டர் கிளம்புகிறபோது இழுக்கிற கரண்டை இந்தப் பெட்டி தாங்கவில்லை, பெரிய பெட்டிக்குத் தஞ்சாவூர்தான் போக வேண்டும், நாளைக்குத்தான் ஆகும் என்றார்.

செம்மொழி அரிசியை முழுக்க வழித்து வெளியே எடுத்தாள்.

"பாய், லோ வோல்டேஜுல நான் எத்தன நாள் அரைச்சிருக்கேன். இதுக்கு வயித்த நெறச்சிட்டு ஓடுன்னா ஓடாது. அத்த, கையால ஒரு சுத்து சுத்தி விடுங்க."

பொன்னுத்தாய் கிரைண்டரின் வெறும் சட்டியை இரண்டு கையாலும் தள்ளிச் சுழற்றினாள். அது சுற்றுகிறபோதே செம்மொழி சுவிட்சைத் தட்டினாள். பெட்டி ஒருமுறை முனகியது. பிறகு அடங்கிவிட்டது. சட்டி ஓடியது. ஒரு கைப்பிடி அரிசி. ஓடியது. இன்னொரு கைப்பிடி. காதர் மைதீன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார்.

முக்கால் அரிசி முடிந்தபோது கத்தாரிலிருந்து போன் வந்தது. செம்மொழி மாட்டுக்கொட்டகைக்கு ஓடினாள். சத்தமும் கூடவே ஓடியது. கரண்ட் வந்துவிட்டதா என்று கேட்டான். இல்லை என்றாள். அப்படியென்றால் அது என்ன சத்தம் என்றான்.

"அறுப்பு மெஷினுங்க."

"கத்திரி வெயில்ல ஏதுடி அறுப்பு? வயல்ல ஆடுல்ல மேயும்."

அவளுக்கு அடுத்த பொய் கிடைப்பதற்குள் அவன் கண்டுபிடித்துவிட்டான். அவனுக்கு அந்தச் சத்தம் ஐந்து வயதிலிருந்து தெரியும். வாய்க்கால் கரையில் அது கேட்டால், நடவுக்காரிகளின் குனிந்த முதுகுகள் இன்னும் ஒரு சாண் தாழும். வரப்பில் உட்கார்ந்து அதைப் பார்த்தவன் அவன்.

அம்மாவிடம் கொடு என்றான். பொன்னுத்தாய் மாவுக்கையோடு போனை வாங்கிக்கொண்டாள்.

"அந்த ஜீப்புதானம்மா?"

"அதேதாம்பா. நம்ம வீட்டுக்கு மாவரைக்கிது."

இன்ஜின் சத்தத்தோடு அந்தப் பதிலும் கத்தார் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. பிறகு அவன் சிரிக்கிற சத்தம் வந்தது. சிரித்து முடித்து, சாவியைத் தொட மாட்டேன் என்று நீயும் ஒரு சத்தியம் பண்ணு என்றான்.

"பண்றேன்பா. உளுந்து இன்னும் பாக்கி இருக்கு, அது முடியட்டும்."

பொழுது சாய்வதற்குள் உளுந்தும் முடிந்தது. மாவு பொங்குவதற்கு முன்னால் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், பொங்கினால் வழியெல்லாம் கோலம் போட்டுவிடும். பாலத்தைச் சுற்றிப் போக நேரமில்லை. மே மாத வாய்க்காலில் தண்ணீர் ஏது? காதர் மைதீன் ஜீப்பை நேராகக் கரையிலிருந்து இறக்கி, மணலில் உறுமவிட்டு, அந்தப் பக்கம் ஏற்றினார். பின்னால் மாவுத் தூக்குகளை அணைத்துக்கொண்டு செம்மொழி. முன்சீட்டில், மிராசுதார் உட்கார்ந்த இடத்தில், மடியில் கோழிக்கூடையோடு பொன்னுத்தாய். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் பழைய பழக்கத்தில் சத்தம் கேட்டு எழுந்துகொண்டார்கள். ஆளைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். பொன்னுத்தாய் ஒன்றும் பார்க்காதவள்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

விண்ணரசி டீச்சர் வாசலில் தூக்குகளை எண்ணி வாங்கினார். ஒரு துளி மாவைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். மிதந்தது. கரண்ட் இல்லாமல் எப்படி அரைத்தாய் என்று கேட்டார். செம்மொழி வாயைத் திறப்பதற்குள் கூடைக்குள்ளிருந்து கீச்சுக் கீச்சென்று கேட்டது. வந்த வழியில் முதல் குஞ்சு பொரித்திருந்தது. லின்சி நாளைக்கு உடுத்த வேண்டிய வெள்ளை உடுப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவள், அப்படியே ஓடிவந்து கூடைமேல் கவிழ்ந்தாள்.

பொன்னுத்தாய் மட்டும் ஜீப்பை விட்டு இறங்கவில்லை.

"பாய், திரும்பிப் போறப்ப கரைமேலயே போங்க" என்றாள். "மெதுவாவே போங்க. நான் நட்ட வயலெல்லாம் மேலேருந்து எப்புடித் தெரியுதுன்னு பாக்கணும். வீட்டுக்குப் போனா சத்தியம் பண்ணணுமே."