ஏணியைப் பிடித்தவன்

1

ஒளிப்பானேன்? இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததே ஒரு வில்லன் கிடைப்பான் என்ற ஆசையில்தான். ஜெர்மனியின் கொலோன் நகரில் ஒரு ஞானஸ்நான விருந்தில், பக்கத்தில் இருந்தவர் ஏணியிலிருந்து விழுந்த ஒருவரைப் பற்றிச் சொன்னார். யாரோ தள்ளியிருப்பார்கள் என்று நினைத்துக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: பனி கொட்டிய ஒரு காலையில் பீலிக்ஸ்…

(வேண்டாம். அவர் விழுந்தது ஜூன் மாதம். ஜெர்மனி என்றாலே பனியைக் கொட்டும் பழக்கத்தை விட்டுத்தொலைக்க வேண்டும்.)

இரண்டாவது: ஆஸ்பத்திரிக் கட்டிலில் கணவன் பீலிக்ஸைப் பார்க்கப் பார்க்க மரியமலருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. பண்டகசாலையில் உயரத்து விளக்கை மாற்ற ஏறிய மனிசன், பாதுகாப்புப் பட்டியைக் கட்டவில்லை. சின்ன வேலைதானே என்ற அலட்சியம். இனி வாழ்நாள் முழுக்கச் சக்கர நாற்காலி. பிழை அவருடையது என்று தெரிந்தால் ஒரு உதவியும் கிடைக்காது என்று அவள் நம்பினாள்.

அகதி விசாரணைக்குப் போய்ப் பழகிய குடும்பம் அது. அதிகாரி வருமுன் கதையைப் பாடமாக்க வேண்டும், இரண்டு பேரும் ஒரே மாதிரிச் சொல்ல வேண்டும். அவள் கட்டிய கதை இது: ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற றெக்ஸ் கையை விட்டுவிட்டான்.

(கதை கட்டுவதில் என்னைவிடக் கெட்டிக்காரி. பொறாமையாக இருக்கிறது.)

3

றெக்ஸ், பீலிக்ஸோடு வேலை செய்பவன். ஏணியை அவன் விடவே இல்லை. ஆனாலும் சம்மதித்தான்.

"என்ர பேரைச் சொல்லுங்கோ அக்கா. எனக்கு வேலைதானே போகும்."

இப்படியும் ஒருத்தன் இருப்பானா என்று எனக்கே சந்தேகம். முந்தைய வரைவில் அவனைக் கோபித்துக்கொண்டு எழுந்து போக வைத்தேன். எழுதச் சுகமாக இருந்தது, ஆனால் ஒட்டவில்லை.

4

வேலை விபத்துக் காப்புறுதிச் சங்கத்திலிருந்து நடாலி என்ற பெண்மணி ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவருடைய ஜெர்மனைத் தமிழில் சொல்ல நின்றவன் யார்? றெக்ஸ்தான்! எந்த அலுவலகத்துக்கும் அவனையே கூட்டிப்போய்ப் பழகியவர்கள், இன்றைக்கும் யோசிக்காமல் கூப்பிட்டுவிட்டார்கள். தன்மேல் விழும் பழியை அவனே மொழிபெயர்க்க வேண்டும்.

மரியமலர் கண்ணால் சாடை காட்டினாள். பீலிக்ஸ் வாயைத் திறந்தார்.

"றெக்ஸ்…"

அவன் முகத்தைப் பார்த்தார்.

"றெக்ஸ், அவவுக்குச் சொல்லு. பிழை என்ர. நான்தான் பட்டி கட்டேல்லை."

மரியமலர் கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் போச்சு!

றெக்ஸ் அப்படியே சொன்னான். நடாலி தலையாட்டிவிட்டு ஏதோ கேட்டார். அவன் திருதிருவென்று விழித்தான்.

"என்னவாம் தம்பி?"

"உங்கட குளியலறைக் கதவு எவ்வளவு அகலமாம்?"

"பிழையைப் பற்றி?"

றெக்ஸ் நடாலியிடம் கேட்டுவிட்டுத் திரும்பினான்.

"அது தேவையில்லையாம் அக்கா. வேலையில விழுந்தவர், அது மட்டும் காணுமாம், வேற ஒண்டும் வேண்டாமாம். வைத்தியம், நாற்காலி, வீட்டைத் திருத்துறது, எல்லாம் அண்ணை இருக்கும் வரைக்கும் தங்கட பொறுப்பாம்."

மரியமலர் முகத்தைப் பொத்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

5

முதலாளிமார் எல்லாரும் சேர்ந்து கட்டும் பணத்தில் நடக்கிற ஏற்பாடு இது. தருமம் இல்லை, உரிமை. கவனமாக இருந்தவனையும் கவனமில்லாமல் விழுந்தவனையும் ஒரே கையால் தாங்குகிறது. இதை யோசித்த மனிதர்கள் நல்லாயிருக்க வேண்டும்.

(கட்டுரை வாடை அடிக்கிறதா? அடிக்கட்டும். சட்டங்களைத் திட்டியே பழகிய கை, பாராட்டும்போது கொஞ்சம் தடுமாறுகிறது.)

6

நடாலி போய்விட்டார். முடிவு ஒன்று: மரியமலர் றெக்ஸிடம் மன்னிப்புக் கேட்கிறாள். முடிவு இரண்டு: மூவரும் சிரித்து… இரண்டையும் அடித்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மரியமலரால் றெக்ஸை நிமிர்ந்து பார்க்க ஏலவில்லை. போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டே கேட்டாள்.

"தம்பி, இவர் உன்ர பேரைச் சொல்லியிருந்தா, அதையும் அப்பிடியே ஜெர்மன்ல சொல்லியிருப்பியோ?"

றெக்ஸின் பதிலை நீங்கள் எழுதுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: யார் பிழை என்று அதில் இருக்கக் கூடாது.